நான்கு வயது செபமாலையம்மாள்

இடுக்கி மாவட்டத்தின் வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும்: நான் கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன், கற்றுக்கொண்ட பின். தன்னடக்கம் கருதி இதை இத்தனை நாள் வெளியில் சொல்லவில்லை. ஆனால் பஞ்சாயத்துக்குக் கேடயம் வாங்கிக் கொடுத்த பிறகும் ஒருவன் அடக்கமாக இருந்தால், அது கேடயத்தை அவமதிப்பதாகும்.

என் பெயர் நவீன்குமார். கிழக்குப் பாலக்காட்டில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் காளிச்சாமியின் ஒரே மகன். பி.காம். முடித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே போகிற லாரிகளின் எண்களை ஒரு நோட்டிலும், வெளியே வருகிற லாரிகளின் எண்களை இன்னொரு நோட்டிலும் பதினோரு மாதம் எழுதினேன். இரண்டு நோட்டுகளும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. எனக்குள் ஒரு "தகவல் விஞ்ஞானி" அப்போதே உறங்கிக்கொண்டிருந்திருக்கிறான் என்பது இப்போது புரிகிறது.

அவனை எழுப்பியது "நாற்பத்தைந்தே நாளில் நிரலாளர் ஆகுங்கள்" என்ற இணைய வகுப்பு. முப்பத்தொரு நாள் பாடங்களை இரட்டை வேகத்தில் பார்த்து முடித்தேன். மீதிப் பதினான்கு நாள் பாடத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் எனக்கு இதுவரை ஒரு கெடுதலும் நேரவில்லை.

முப்பத்தோராம் நாள் பாடம் மகத்தானது. ஒரு கோப்பைத் திற. வரி வரியாகப் படி. காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டு. வெட்டிய துண்டுகளில் வேண்டியதை எடுத்து வேண்டிய வரிசையில் அடுக்கு. புதுக் கோப்பில் எழுதி மூடு. ஆறே கட்டளை! திரையில் சிவப்பு எழுத்தில் எதுவும் வராவிட்டால் நிரல் சரி என்று அர்த்தம். அப்படியும் சிவப்பாக ஏதாவது வந்தால், "பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ" என்று நிரலுக்கே சொல்லிவைக்க ஒரு வழி உண்டு. அரசு அலுவலகங்களில் இது பல ஆண்டுகளாகவே நடைமுறையில் இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

பாடம் நடத்தியவர் இன்னொன்றும் சொன்னார். "முதலில் கோப்பை முழுதாக ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள். மேலே ஐந்து வரியை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்." இரட்டை வேகத்தில் அது "மேலே ஐந்து வரியை மட்டும் பார்த்துவிட்டு" என்பது வரை எனக்கு நன்றாகவே கேட்டது.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் கந்தப்பன், வண்டன்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைப் பஞ்சாயத்தில் செக்ரட்டரி. என் அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வகுப்பில் தோற்றவர். அந்தத் தகுதியின் அடிப்படையில், முறையான தேர்வு நடத்தி, விண்ணப்பித்த ஒரே ஆளான என்னை ஒப்பந்தத் "தகவல் ஒருங்கிணைப்பாளர்" ஆக நியமித்தார். சேர்ந்த அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, எஸ்டேட் வார்டு ஆளுக பேரெல்லாம் ஒரு ஃபைலா வந்திருக்குது. அறுநூத்திச் சொச்சம் பேரு. மேலிடத்து வெப்சைட்டுல ஏத்தோணும். அவங்க கேக்கற மாதிரி மாத்தாம ஏறாதாமா. கையில அடிச்சா ரெண்டு மாசமாகும்னு சொல்றாங்க."

"ரெண்டு செகண்டுல முடிச்சுப்போடலாமுங்க சார்."

"ரெண்டு செகண்டா? அப்பறம் மிச்ச ரெண்டு மாசத்துக்கு என்ன பண்ணுவ?"

"எப்படிச் செஞ்சோம்னு அறிக்கை எழுதலாமுங்க."

அந்த நிமிடமே என்னிடம் ஒரு அதிகாரியைக் கண்டுவிட்டதாகப் பின்னாளில் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோப்பு ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பல வருடமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆள் பட்டியல். உச்சியில் தலைப்பு: பெயர், முகவரி, வயது, தொழில். முதல் வரி, "சிவப்பிரகாஷ், பெரிய பங்களா, 51, மேனேஜர்". அடுத்து சின்ன பங்களாவில் இருக்கும் அசிஸ்டென்ட் மேனேஜர். அதன்பின் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ரைட்டர், மருந்தாளர், டிரைவர். மொத்தம் ஐந்து வரி. வரிக்கு நான்கு துண்டு. மூன்றாவது துண்டு வயது, நான்காவது தொழில். என் நிரல் இந்த ஐந்து பேரையும் அப்படி அழகாக வெட்டி அடுக்கியது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை. எஸ்டேட்டில் யாரைத் திருப்திப்படுத்த வேண்டுமோ அவர்களைத் திருப்திப்படுத்திவிட்டதால், மற்றவர்களுக்கும் அதுவே பொருந்தும் என்று முடிவு செய்து முழுக் கோப்பையும் ஓட்டிவிட்டேன்.

ஆறாவது வரியிலிருந்து லயத்து ஆட்கள். லயம் என்பது ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாகப் பத்து வீடு. பங்களாவுக்கு ஒரே கதவு, எண் தேவையில்லை. லயத்தில் கதவு எண் சொல்லாமல் ஆளை அடையாளம் காண முடியாது. அதனால் ரைட்டர் அங்கே முகவரிக்குப் பின்னால் கதவு எண்ணையும் ஒரு காற்புள்ளி வைத்து எழுதியிருந்தார்: "செபமாலையம்மாள், ஐந்தாம் லயம், 4, 62, காய் தரம் பிரிப்பு". இங்கே நான்கு துண்டு இல்லை, ஐந்து. என் நிரலுக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. பங்களாவோ லயமோ, எல்லாரையும் சமமாக நடத்தியது. மூன்றாவது துண்டு வயது. நான்காவது துண்டு தொழில். ஐந்தாவது துண்டு என்று ஒன்று இருந்தால் அது தேவையற்றது.

இப்படியாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, எஸ்டேட் லயங்களில் வசித்த அறுநூற்று முப்பத்தெட்டு பேரும் ஒன்று முதல் பத்து வயது வரையிலான குழந்தைகள் ஆனார்கள்.

அதன் பயன்கள் உடனே தெரியத் தொடங்கின. மேலிடத்துத் திரையில் எங்கள் எஸ்டேட் வார்டு, மாநிலத்திலேயே "மிக இளமையான வார்டு" என்று பச்சை நிறத்தில் மின்னியது. முதியோர் எண்ணிக்கை பூஜ்யம். முதியோர் பிரச்சினையை இத்தனை வருடம் கருத்தரங்கு போட்டும் தீர்க்க முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டும். நான் ஆறு கட்டளையில் தீர்த்தேன். முதியோர் இல்லாத வார்டில் முதியோர் பகல் கூடம் எதற்கு என்று அதை மூடி, அந்த அறையை எனக்கு ஒதுக்கினார்கள். ஒரே கதவுக்குள் இருக்கும் கணவன், மனைவி, மாமியார், பேரன் எல்லாருக்கும் ஒரே வயது. குடும்ப ஒற்றுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. "முன்மாதிரி டிஜிட்டல் பஞ்சாயத்து" கேடயத்துக்கு நாங்கள் தேர்வாகியிருக்கிறோம். ஜூன் மாதம் இரண்டாவது புதன்கிழமை விழா. கந்தப்பன் சார் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த மகிழ்ச்சியான சூழலில்தான் செபமாலையம்மாள் வந்தார்.

குள்ளமான அம்மாள். தலையில் கொங்காடி, அதாவது தோட்டத்து மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள். படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினார். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்ததுபோல் வெள்ளை. எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் முப்பது வருடமாகத் தரம் பிரிக்கும் மேசையில் உட்காருகிறவர். வெடித்தது, சொறி பிடித்தது, பிஞ்சு எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளி நல்ல காயை மட்டும் நிறுத்துகிற வேலை.

"சார், அடுத்த வாரம் சனிக்கிழம கண்ணு முகாம் பஸ் வருதாமில்ல. அம்பது வயசு தாண்டுனவுகளுக்கு ஆபரேசன் பண்ணி மூணாம் நாளு கொண்டாந்து விட்டுருவாகளாம். எம் பேரு லிஸ்டுல இல்லைன்னுட்டாக. ஆடியில காய் வந்துரும் சார். அதுக்குள்ள கண்ணு தெரியலைன்னா மேசையில உக்கார வேண்டாம்னு ஸ்டோர்ல சொல்லிட்டாக. மலை ஏறிக் காயெடுக்க என் முட்டி ஒத்துக்காது."

முகாம் நடத்துவது மலைக்குக் கீழே கம்பம் பக்கத்து மருத்துவமனை ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை எஸ்டேட் வார்டுக்கென்று தனி பஸ் அனுப்புவார்கள். பஞ்சாயத்துப் பட்டியலில் ஐம்பது தாண்டியவர்களை ஏற்றிப்போவார்கள். நான் திரையில் தேடினேன்.

"உங்களுக்கு நாலு வயசுங்கம்மா."

"எத்தனை?"

"நாலுங்க."

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். பிறந்த வருடம் தெளிவாக இருந்தது. நான் அதைக் கந்தப்பன் சாரிடம் கொண்டுபோனேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கார்டு எப்பக் குடுத்ததுங்கம்மா?"

"ஆச்சு சார், பத்துப் பன்னெண்டு வருசம்."

"எங்க ஃபைலு போன மாசம் போட்டது. பழசுல ஒண்ணு இருந்து புதுசுல ஒண்ணு இருந்தா எதை எடுக்கோணும்? நீங்களே சொல்லுங்."

"வயசு கூடத்தானே சார் செய்யும்? கொறையுமா?"

"முன்னேத்தம்னா அதுதானுங்கம்மா," என்றார் கந்தப்பன் சார். பிறகு திருத்தப் படிவம் ஒன்றை எடுத்து முதல் கேள்வியைப் படித்தார். "அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா அப்பா அம்மா கூட வரோணுமாமா. வந்திருக்காங்களா?"

"அவுக கல்லறைத் தோட்டத்துல இருக்காக சார்."

"எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டு வாங்."

அந்த வாரமே அங்கன்வாடி டீச்சர் யோகப்பிரியா தராசைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் லயத்துக்குப் போனார். பட்டியலில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் மாதக் கடைசிக்குள் எடை பார்த்து ஏற்றாவிட்டால் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். செபமாலையம்மாளைத் தராசில் நிறுத்தினார். நாற்பத்தேழு கிலோ. கைப்பேசியில் அந்த எண்ணை அடித்ததும் அது சிவந்து போய் ஒரு அறிவுரை சொன்னது: நான்கு வயதுக்கு முப்பத்தொரு கிலோ அதிகம், இனிப்பைக் குறைக்கவும், குழந்தையை ஓடியாடி விளையாட விடவும். டீச்சர் அதை வாசித்துக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். அவருக்கும் அந்த அம்மாள் ஒருகாலத்தில் பக்கத்து வீடு. போகும்போது இரண்டு பாக்கெட் சத்துமாவு கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது முறை செபமாலையம்மாள் மகளோடு வந்தார். மகள் ஜிபி குமுளியில் ஏலக்காயும் மிளகும் விற்கிற கடையில் வேலை செய்கிறவள். சுற்றுலாக்காரர்களோடு நாலு பாஷையில் பேரம் பேசிப் பழகிய வாய். திரையை அவள் பக்கம் திருப்பச் சொன்னாள். நான் வெளிப்படைத்தன்மையில் நம்பிக்கை உள்ளவன். திருப்பினேன்.

"இந்தா இருக்கே சார் அறுபத்திரண்டுன்னு! வயசு பக்கத்துக் கட்டத்துல போய் உக்காந்திருக்கு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

"அது வயசு இல்லீங்க. மேல பாருங்க, தொழில்னு போட்டிருக்குது."

"அறுபத்திரண்டுன்னு ஒரு தொழிலா?"

கந்தப்பன் சார் எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கோடு நம்பருங்கம்மா. ஒவ்வொரு தொழிலுக்கும் மேலிடத்துல ஒரு நம்பர் வெச்சிருப்பாங்க. அறுபத்திரண்டுன்னா இன்னதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எழுபத்தொம்பதுன்னு இருக்கு. அவரு வருசக்கணக்குல படுத்த படுக்கையாக் கிடக்காரு. அது என்ன தொழில் சார்?"

"படுத்துட்டே செய்யற தொழிலா இருக்கும்."

ஜிபி மூச்சை இழுத்து விட்டாள். "சரி. ஒரு தாளு குடுங்க. நான் புகார் எழுதித் தாரேன்."

"தாராளமா எழுதுங். பேரு? ஜிபி." கந்தப்பன் சார் திரையில் தேடினார். "ஜிபி, அஞ்சாம் லயம். வயசு நாலு. தொழில் இருபத்தொம்பது. அடடா, நீங்களும் மைனருங்களா? மைனர் குடுக்கற புகாரை வாங்கறதுக்கு ரூல் இல்லீங்களே."

"எங்கம்மாவுக்கும் நாலு, எனக்கும் நாலு. அப்ப என்னைப் பெத்தது யாரு சார்?"

"குடும்ப விசயத்துல பஞ்சாயத்து தலையிடாதுங்கம்மா."

லயத்தில் மேஜர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்று பரிவோடு சொல்லி அனுப்பினோம். அப்படி யாரும் இல்லை. எஸ்டேட் லயங்களிலேயே மூத்தவர்கள் பத்தாம் கதவுக்காரர்கள். அவர்களில் ஒருவரான யூனியன் தலைவர் சூசையப்பன், பத்து வயது, மீசையை முறுக்கிக்கொண்டு வந்து மேசையைத் தட்டினார். பெரியவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளும்படி கந்தப்பன் சார் அவருக்கு அறிவுரை சொன்னார்.

ஆக, எஸ்டேட்டில் கையெழுத்துப் போடும் வயதில் இருந்தது பங்களாவும் குவார்ட்டர்ஸும் சேர்ந்த ஐந்து பேர்தான். எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாவலராக மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஒரு கடிதம் அனுப்பினோம். மேனேஜர் சிவப்பிரகாஷ் நெகிழ்ந்துபோய் பதில் எழுதியிருந்தார். லயத்து ஆட்களைத் தாம் என்றைக்குமே பிள்ளைகளாகத்தான் நினைத்து வந்திருப்பதாகவும், பஞ்சாயத்து இப்போதுதான் அதைப் புரிந்துகொண்டிருப்பதாகவும், ஆனால் கையெழுத்து என்று வரும்போது தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றும்.

மூன்றாவது முறை அந்த அம்மாள் வந்தது வியாழக்கிழமை. முகாமுக்கு இரண்டு நாள் இருந்தது. தனியாக வந்தார். அன்று கந்தப்பன் சார் சட்டை வாங்கப் போயிருந்தார். எனக்கு அந்தக் கணக்கில்லாப் பெயர்களில் அவர் பெயர் மறந்துவிட்டது.

"பேரு சொல்லுங்கம்மா."

"அஞ்சுல நாலு செபமாலை."

"அதென்னங்க அஞ்சுல நாலு?"

"அஞ்சாம் லயத்துல நாலாம் கதவு. இங்கன எல்லாருக்கும் அப்படித்தான் தம்பி பேரு. எங்க லயத்துலயே செபமாலை ரெண்டு பேரு. அவ அஞ்சுல ஒம்பது."

நான் முதன்முறையாக மூலக் கோப்பை ஐந்தாவது வரிக்குக் கீழே இறக்கிப் பார்த்தேன்.

என் நிரல் அடுக்கிய பட்டியலையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். அந்த அம்மாள் எதிரே நின்றுகொண்டிருந்தார். ஒன்பதாம் கதவு செபமாலைக்கு ஒன்பது வயது. பத்தாம் கதவு சூசையப்பனுக்குப் பத்து. திருத்துவதற்கு வேண்டியது இரண்டு வரி: துண்டு ஐந்து இருந்தால் மூன்றாவதைக் கதவு என்று எடு, நான்காவதை வயது என்று எடு. விசைப்பலகையில் கையை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், வைத்துவிட்டேன்.

"ஒரு நிமிசம் இருங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் கந்தப்பன் சாருக்குப் போன் போட்டேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "கண்ணு, இப்ப அதை மாத்துனா என்ன ஆகும்?"

"அந்தம்மாவுக்கு அறுபத்திரண்டு வயசாயிருமுங்க."

"அந்தம்மாளுக்கு மட்டுமா ஆகும்? அறுநூத்தி முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே நாள்ல வயசாயிரும். மிக இளமையான வார்டு என்ன ஆகறது? புதன்கிழமை மேடையில நானு எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது? உன்ற அப்பனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருமல்லோ. புதன்கிழமை தாண்டட்டும். அதுவரைக்கும் ஃபைலத் தொடாத."

"சனிக்கிழமை பஸ்ஸு வருதுங்களே சார்."

"பஸ்ஸு அடுத்த வருசமும் வரும். கேடயம் வருமா?"

இதில் இருந்த நிர்வாகத் தொலைநோக்கை நான் மறுக்க முடியவில்லை. அந்த அம்மாளிடம், "பரிசீலனையில இருக்குதுங்கம்மா," என்று சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டு, "ஆண்டவர் உங்களை நல்லா வைக்கட்டும் தம்பி," என்று சொல்லிவிட்டுப் படியைத் தடவித் தடவி இறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பஞ்சாயத்து வாசலில் பஸ் வந்து நின்றது. ஐம்பது இருக்கை. என் பட்டியலின்படி ஐம்பது தாண்டியவர்கள் இரண்டே பேர். மேனேஜருக்குக் கண் நன்றாகத் தெரியும், அதோடு சொந்தக் கார் இருக்கிறது. ரைட்டர் மட்டும் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பட்டியலைச் சரிபார்த்து டிக் அடிக்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு டிக் அடித்தேன்.

நல்ல மழை. செபமாலையம்மாள் கொங்காடியைப் போட்டுக்கொண்டு ஒரு கட்டைப் பையில் மாற்றுச் சேலையும் போர்வையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைப்போலவே இன்னும் பதினெட்டு இருபது "குழந்தைகள்" ஆளுக்கொரு பையோடு நின்றார்கள். முகாம்காரர் இறங்கி வந்து என்னைக் கேட்டார். "சார், சீட்டெல்லாம் காலியாத்தான் போகுது. ஏத்திக்கட்டுமா?"

"லிஸ்டுல இல்லீங்களே," என்றேன். "மைனருங்க. கார்டியன் இல்லாம அனுப்ப முடியாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அந்தக் கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த என் பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் பஞ்சாயத்து முத்திரை இருந்தது. ஏறிக் கதவைச் சாத்தினார். பஸ் நாற்பத்தொன்பது காலி இருக்கைகளோடு மலையிறங்கியது. செபமாலையம்மாள் அதன் சத்தம் போன திசையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை, அழுதுகொண்டிருந்தார். மழையில் அது தெரியாது என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

புதன்கிழமை விழா சிறப்பாக நடந்தது. கேடயத்தில் ஒரு சின்னக் கணினி பொறிக்கப்பட்டிருந்தது. கந்தப்பன் சார் மேடையில் என்னைக் கைப்பிடித்து நிறுத்தி, "எங்க பஞ்சாயத்துல ஒருத்தருக்கும் இனி வயசாகாதுங்க," என்று பேசினார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமானது.

வியாழக்கிழமை காலை திருத்தத்தைப் போட்டேன். இரண்டு வரி, இரண்டு நொடி. அறுநூற்று முப்பத்தெட்டு பேரும் அவரவர் வயதுக்குத் திரும்பினார்கள். சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை. மைனர்கள் மேஜரானது தொடர்பாக ஒவ்வொருவரும் நேரில் வந்து திருத்தப் படிவத்தில் ஒப்பமிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டோம். நிர்வாகம் என்றால் எதற்கும் ஒரு தாள் வேண்டும்.

ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்துத்தான் செபமாலையம்மாளின் முறை வந்தது. நான் எழுந்து படிவத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"படிச்சுப் பாத்துட்டு, சரின்னு ஒரு ஒப்பு போடுங்கம்மா."

தாளை மூக்கருகே கொண்டுபோனார். வலது கண்ணுக்கு நேரே வைத்தார், பிறகு இடது கண்ணுக்கு. பிறகு என்னிடமே நீட்டினார். "நீங்களே வாசிங்க தம்பி."

வாசித்தேன். "பேரு செபமாலையம்மாள். ஐந்தாம் லயம், கதவு நாலு. வயசு அறுபத்திரண்டு. தொழில் காய் தரம் பிரிப்பு."

"கடைசியில சொன்னது இப்ப இல்லையே தம்பி. போன திங்கக்கிழமையோட மேசையில இருந்து எந்திரிக்கச் சொல்லிட்டாக. கருப்புக் காயை நல்ல காயோட போட்டுட்டேனாம்."

தொழில் மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டு என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். கையைப் பிடித்து, ஒப்பமிட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கோட்டுக்கு மேலே ஏறிப் போய்விட்டது. எழுதி முடித்ததும் பேனாவை மேசையில் தடவி வைத்துவிட்டு, போவதற்குத் திரும்பியவர் நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? வயசெல்லாம் ஏதோ தப்பாப் போச்சுன்னு சொல்லுதீக. சரி, படிச்ச பிள்ளைக, இருக்கட்டும். எனக்கு நாலு வயசுன்னுதான் நீங்க எல்லாரும் நெசமா நம்பிக்கிட்டு இருந்தீக. அப்ப நாலு வயசுப் பிள்ளை ஒண்ணு திரும்பத் திரும்ப உங்க வாசல்ல வந்து நின்னுச்சே, அந்தச் சனிக்கிழம மழையில நனைஞ்சு அழுதுச்சே, ஒத்தை ஆளு எந்திரிச்சு வந்து, ஏன் பிள்ளே அழுவுதன்னு கேட்டீகளா?"

தகவல் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. எதையும் ஆவணத்தோடுதான் சொல்வேன். வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்: அந்த அம்மாள் வந்த ஒவ்வொரு நாளும் நான் என் நாற்காலியில்தான் இருந்திருக்கிறேன்.